ஞாயிறு ஆறு மணியோடு முடிகிற டேட்டா

முதலில் என் கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைகளுக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவன். சின்ன 'ர' எங்கே, பெரிய 'ற' எங்கே என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தோன்றிய இடத்தில் தோன்றியதைப் போடுவேன். (கோயில் மலருக்கு அச்சடிப்பவர்கள் திருத்திக்கொள்வார்கள் என்று சொன்னதால்தான் எழுதத் துணிந்தேன்.)

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நான் மிகவும் கூச்சப்படுகிற மனிதன். எதிரே நாலு பேர் வந்தால் வேலியோரம் ஒதுங்கி, எதையோ தொலைத்தவன்போல நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அப்படிப்பட்ட நான் ஊர்ச்சனத்தில் பாதியைப் பின்னால் இழுத்துக்கொண்டு நடந்த கதை இது.

எங்கள் ஒரே மகள் மெர்ளின் இத்தாலியில் இருக்கிறாள். அங்கேதான் பேத்தி பிறந்தாள். எங்களிடம் இருந்ததோ பொத்தான் அமத்துகிற பழைய போன். (இரண்டு தரம் கடலில் விழுந்து, காய்ந்து, மறுபடி கதைத்த போன்.) பேத்தியின் முகத்தைப் பார்க்க என் மனைவி றெஜினா பக்கத்து வீட்டுப் பீற்றரின் வீட்டுக்குப் போவாள். அவன் மனைவி, "அக்கா, சார்ஜ் இறங்குது, சுருக்காக் கதைங்க" என்று தலைமாட்டில் நிற்பாளாம். ஒருநாள் றெஜினா அழாக்குறையாகத் திரும்பி வந்தாள்.

"பிள்ளைக்குப் பல்லு வந்திருக்காம். வாயத் திறந்து காட்டப் போனா. அதுக்குள்ள போனை வாங்கிட்டாங்க."

அன்றைக்கே கற்பிட்டிக்குப் போனோம். ரிஸ்வான் தம்பி தன் கடையில் ஒரு போனை எடுத்துக் காட்டினார். அதன் விலையைவிட எனக்குப் பயம் தந்தது டேட்டா பக்கேஜ்தான். போனை ஒருதரம் வாங்கினால் போதும். பக்கேஜைச் சாகும்வரை வாங்க வேண்டுமே! நான் வாசலைப் பார்த்தேன். தம்பி என் முகத்தைப் பார்த்தார்.

"அண்ணே, ஒரு கிழமை கொண்டுபோய்ப் பாவிச்சுப் பாருங்க. பக்கேஜும் போட்டுத் தாறன். சரிவரல்லன்டா திங்கக்கிழமை அப்படியே கொண்டாங்க. கீறல் மட்டும் விழப்படாது."

பஸ்ஸில் வரும்போது நான் ஒரு சட்டம் போட்டேன். (வீட்டில் நான் போட்ட முதல் சட்டமும் கடைசிச் சட்டமும் இதுதான்.)

"பக்கேஜ் வாற ஞாயிறு பின்னேரம் ஆறு மணியோட முடியுதாம். அதுக்குள்ள டேட்டா முழுக்கச் செலவானா, போன் எங்களுக்குத் தேவை, வச்சிருப்பம். மிச்சம் கிடந்தா, தேவையில்ல, குடுத்திருவம்."

"சத்தியமா?"

"சத்தியம்."

பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. போன் சும்மா கிடந்தாலும் டேட்டா ஒழுகும் என்று பீற்றர் சொல்லியிருந்தான். ஆகவே அதை நிற்பாட்டி, துவாயில் சுற்றி, அலுமாரிக்குள் சேலைகளுக்கு நடுவில் வைத்தேன். பின்னேரத்தில் மட்டும் வெளியே எடுப்போம். முதல் வீடியோ கோலில் போனை வழக்கம்போலக் காதில் வைத்துக் கதைத்தேன். "அப்பா, உங்கட காது மட்டும்தான் தெரியுது" என்றாள் மகள். பேத்தி அந்தக் காதைப் பார்த்துக் கை தட்டினாளாம்.

சனிக்கிழமை பார்த்தபோது டேட்டா கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். றெஜினா போனை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய் மகளோடு நெடுநேரம் குசுகுசுத்தாள். பாவம், கடைசியாகக் கதைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டு, படகடிக்குப் புறப்பட்டேன். றெஜினா ஓடிவந்து போனை என் சட்டைப் பைக்குள் போட்டாள்.

"இண்டைக்கு மட்டும் வச்சிருங்க. ஒன்டையும் அமத்தாதீங்க. படகடிய விட்டு எங்கயும் போகவும் வேணாம்."

படகின் நிழலில் கண்ணை மூடிக் கிடந்தேன். கண் திறந்தபோது பீற்றர் பக்கத்தில் இருந்தான். அவனுக்கு அங்கால் இரண்டு இளந்தாரிகள். பாயோடு வந்த மூன்று பெண்கள். ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை. எல்லாரும் தங்கள் போனைப் பார்த்துக் குனிந்திருந்தார்கள். எனக்குக் கூச்சமாகிவிட்டது. எழும்பி அடுத்த படகுக்குப் போனேன். அவர்களும் பாயைச் சுருட்டிக்கொண்டு எழும்பினார்கள்.

உடுத்திருந்த சாரம் கிழிந்திருக்கிறதோ என்று தடவிப் பார்த்தேன். இல்லை. லொத்தர் விழுந்துவிட்டதோ? நான் லொத்தர்ச் சீட்டு எடுப்பதே இல்லை. கொஞ்சம் வேகமாக நடந்தேன். அவர்களும் வேகமாக நடந்தார்கள். பின்னால் இன்னொரு கூட்டமும் சேர்ந்துவிட்டது.

"பீற்றர், நீ மத்தியானத்தில இருந்து பாக்கிறாய்! இறங்கன், நாங்களும் ஏறத்தானே வேணும்!" என்று ஒரு பெண் கத்தினாள். எதிலிருந்து இறங்க? மணலில் பஸ்ஸா ஓடுகிறது?

பயத்தில் எனக்கு ஒன்றுக்கு வந்துவிட்டது. தாழம்புதருக்குப் பின்னால் போய் ஒதுங்கினேன். உடனே பல குரல்கள்:

"அண்ணே, அங்கால போகாதீங்க! அறுந்து அறுந்து வருது!"

"கொஞ்சம் இஞ்சால திரும்பி நில்லுங்க, மாமா!"

வந்தது நின்றுவிட்டது. புதருக்கு மறுபக்கத்தால் ஓட்டமும் நடையுமாகப் புறப்பட்டேன்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. முதல்நாள் மனுவேல் கிழவர் செத்துப்போயிருந்தார். ஊரில் அவரோடு சண்டை பிடிக்காதவர் இல்லை. காயப்போட்ட வலை அவர் வேலியில் பட்டால் கத்தியோடு வந்து அறுத்துவிடுவார். அந்தச் செத்த வீட்டுக்கு ஒருவரும் வரமாட்டார்கள், ஒளிந்திருக்க அதைவிட நல்ல இடம் இல்லை என்று உள்ளே நுழைந்தேன். நான் நினைத்ததுபோல வரிசையாகக் கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. பெட்டியின் அருகே கிழவரின் மகள் ஜெசிந்தா தனியாக இருந்தாள். நான் ஒரு மூலைக் கதிரையில் ஒடுங்கினேன்.

ஒரு நிமிடம்கூட இல்லை. பீற்றர் வந்தான். இளந்தாரிகள் வந்தார்கள். பாய்க்காரப் பெண்கள் வந்தார்கள். என்னைச் சுற்றிக் கதிரைகளை இழுத்துப் போட்டுத் தலையைக் குனிந்தார்கள். பெட்டியைப் பார்க்க ஒருவருக்கும் தலை நிமிரவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் துக்கத்தில் ஒடிந்துபோனவர்கள் போலவே இருந்தார்கள். வாசலிலும் சனம், இடம் கிடைக்காமல்.

ஜெசிந்தா தேத்தண்ணித் தட்டோடு என்னிடம் வந்தாள்.

"அண்ணே, அப்பாவுக்கு ஒருத்தரும் வரமாட்டாங்கன்டுதான் நினைச்சன். நீங்க இவ்வளவு பேரையும் கூட்டிட்டு வந்திருக்கிறீங்க."

நான் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்தேன். வேறு என்ன செய்வது?

ஆறு மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன.

"ஐயோ!"

"போச்சே! போச்சே!"

"இப்பிடி நடுவில விட்டிட்டுப் போயிட்டுதே!"

ஜெசிந்தா அதைக் கேட்டதும் தட்டைப் போட்டுவிட்டு, "அப்பா!" என்று பெட்டியில் விழுந்து கதறினாள். பாய்க்காரப் பெண்கள் திடுக்கிட்டுப்போய், இருக்கிற இடத்தை அப்போதுதான் பார்த்து, அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உண்மையாகவே அழத் தொடங்கினார்கள். பீற்றர் என் காதுக்குள் சொன்னான்:

"அண்ணே, டேட்டா முடிஞ்சிட்டுது. மெட்ச்ல கடைசி ஓவர். ரெண்டே ரெண்டு பந்துதான் இருக்கு. ஒரு சின்ன ரீலோட் போடுங்களன்!"

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. கை தன்பாட்டில் சட்டைப் பைக்குப் போனது. போன் சுட்டுக்கொண்டிருந்தது.

அதற்குள் செபமாலை தொடங்கிவிட்டது. எழும்பிப் போக ஒருவருக்கும் முகம் இல்லை. எல்லாரும் முழந்தாளிட்டோம். அன்றைக்கு வெட்கத்தில் செபித்தவர்கள் அடுத்தநாள் பெட்டியையும் தூக்கினார்கள்.

வீட்டுக்கு வந்தேன். றெஜினா வாசலில் நின்றாள்.

"முடிஞ்சிதா?"

"முடிஞ்சிது."

"எல்லாம்?"

"எல்லாம். உனக்கு ஆர் இந்த வேலை சொல்லித் தந்தது?"

"மகள்தான். உங்கட போன்ல இருந்து மத்த ஆக்களும் டேட்டா எடுக்கலாமாம். பக்கத்துல நிக்க வேணும், பத்துப் பேருக்கு மேல ஏறாதாம். பூசை முடிய எல்லார்ட்டயும் சொன்னன்." அவள் குரலை உயர்த்தினாள். "ஏன், கரைவலை இழுக்கேக்க கயிறு தொட்டவனுக்கெல்லாம் கறிக்கு மீன் குடுக்கிறீங்கதானே? பழுதாப் போற சாமானைப் பங்கு வச்சா பிழையா? ஞாயித்துக்கிழமையில நீங்க படகடியில கல்லு மாதிரிக் கிடப்பீங்களேன்டு நம்பித்தான் உங்கட பைக்குள்ள போட்டன். நீங்க ஊர்வலம் போவீங்களென்டு எனக்குத் தெரியுமா?"

சத்தியம் சத்தியம்தான். திங்கட்கிழமை கற்பிட்டிக்குப் போய்ப் போனின் முதல் தவணையைக் கட்டிவிட்டு வந்தேன். அன்று பின்னேரம் பேத்தி வாயைத் திறந்தாள். பல்லை முழுதாகப் பார்த்தோம். ஒருவரும் போனை வாங்கவில்லை.

பக்கேஜ் காசுக்குப் போன் தகுமா என்று இப்போதும் எனக்கு ஒவ்வொரு மாதமும் சந்தேகம் வரும். ஆனால் வாய் திறக்க முடியாது. ரீலோட் போடுகிற நாளில் றெஜினா இத்தாலிக்குக் கேட்கும்படி சொல்லுவாள்:

"மகள், இது சின்னப் பக்கேஜ்தான். அப்பா கண்ணை மூடினா பெருசாப் போட்டு, போனைப் பெட்டிக்குள்ள வச்சிருவன். ஊரே வரும்!"

"ஐயோ அம்மா, அப்பாவுக்கு வெக்கமா இருக்கும்" என்று மகள் சிரிப்பாள். பேத்தி காரணம் தெரியாமல் சேர்ந்து சிரிப்பாள்.

எனக்கு இப்போதே வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் றெஜினாவிடம் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன்: என்னைக் குழிக்குள் இறக்கும்வரை அந்தப் பக்கேஜ் முடியக் கூடாது.

காற்று பலம், கடலுக்குப் போகவில்லை. ஆவணி 20, புதன்கிழமை.