காருக்கு நான் வாங்கிக் கொடுத்த மூக்கு

இயற்பியல் படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கணக்கு சரியாக வந்துவிட்டால் ரோடும் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடுவார்கள். அந்த வியாதியைப் பிள்ளைகளுக்குப் பரப்புவதற்காகவே இருபத்து மூன்று வருடமாக அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுக்கிறது. ஆந்திர எல்லையில், நகரி பக்கத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளியில், தமிழ் மீடியத்துக்கு அறிவியல் டீச்சர் நான்.

இதோடு நான் ஒரு தாயாகவும் இருப்பதுதான் ஆபத்து. ஒரே மகள், நிவேதா. ஸ்ரீசிட்டியில் வேலை. விஜயபுரத்துக்கு அருகில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து தினமும் எங்களுடைய பழைய பெட்ரோல் காரை ஓட்டிக்கொண்டு போய் வருகிறாள். அவள் வண்டியைக் கிளப்பியதும் நானும் மனதுக்குள் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வேன். அவள் கம்பெனி வாசலில் இறங்கி ஒரு மெசேஜ் போடும்வரை எனக்கு இட்லி இறங்காது. (இறங்கும். ஆனால் ருசிக்காது.)

ஒருநாள் உண்மையாகவே அவளோடு போனேன். முன்னால் ஒரு கல் லாரி. அவள் வலது பக்கம் ஒடித்து ஆக்சிலேட்டரை மிதித்தாள். கார், முதல் தீபாவளிக்கு மாமியார் வீட்டில் நிற்கும் மாப்பிள்ளையைப் போல, போகலாமா வேண்டாமா என்று யோசித்தது. எதிரே பஸ். லாரியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டோம், ஒன்றும் ஆகவில்லை. நான்தான் மூச்சு விடுவதை நிறுத்தியிருந்தேன். அன்று இரவே கண்டுபிடித்துவிட்டேன்: இந்த வண்டிக்கு மூச்சு போதவில்லை. (மூச்சு போதாமல் இருந்தது எனக்கு என்பது பிற்பாடுதான் புரிந்தது.)

மூன்று வாரம் யூடியூப் பார்த்தேன். பிறகு ஒரு நோட்டில் மார்ஜின் போட்டு எழுதினேன். என்ஜின் காற்றை உறிஞ்சும் வழியை மாற்றி அமைக்க மூன்று வகை சாமான் உண்டு. ஒன்று, பழைய பெட்டிக்குள்ளேயே உட்காரும் தட்டையான ஃபில்டர். இரண்டு, பெட்டியையே தூக்கிப் போட்டுவிட்டு என்ஜின் பக்கத்தில் திறந்தபடி வைக்கும் கூம்பு ஃபில்டர். மூன்று, அதே கூம்பை ஒரு நீளக் குழாயின் முனையில் மாட்டி, முன் பம்பருக்குப் பின்னால் தரையை ஒட்டி இறக்கிவிடுவது. அங்கே காற்று குளிர்ச்சியாக இருக்கும். குளிர்ந்த காற்றில் ஆக்சிஜன் அதிகம். ஆகவே சக்தி அதிகம். ஆகவே லாரியைச் சட்டென்று தாண்டலாம். ஆகவே என் மகள் நூறு வருஷம் வாழ்வாள். எல்லா வரியின் முடிவிலும் ஒரு டிக் போட்டுக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் நோட்டை எட்டிப் பார்த்தார். "ஏன் மே, வண்டிக்கு சளியா?" என்று கேட்டுவிட்டு மாந்தோப்புக்குத் தண்ணி பாய்ச்சப் போய்விட்டார். விவசாயிக்கு அறிவியல் புரியாது என்று அப்போது நினைத்தேன்.

இந்தச் சமயத்தில்தான் நிவேதா அந்த விஷயத்தைச் சொன்னாள். கூட வேலை பார்க்கும் பிரசாந்த் என்கிற பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. ராணிப்பேட்டைப் பையன். அவனுடைய அம்மாவும் அப்பாவும் திருப்பதிக்கு வேண்டுதலுக்கு வருகிறார்கள், தரிசனம் முடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை அப்படியே எங்கள் வீட்டுக்கு வருவார்கள்.

"அம்மா, அவங்க அப்பா ஒரு வார்த்தை பேச ஒம்போது வாட்டி யோசிக்கிறவரு. நேர்ல பாத்துட்டுத்தான் சரியா இல்லையான்னு சொல்வேன்னு கீறாரு. அந்த ஒரு நாள் நீ சும்மா இருந்தா போதும். எனக்காக."

அவள் என்னிடம் எதையும் அப்படிக் கேட்டதில்லை. சரி என்று தலையாட்டினேன். ஆட்டும்போதே, அவர்களைத் திருப்பதியிலிருந்து அழைத்து வரப்போவது நான்தான், அதற்குள் வண்டியைத் தயார் பண்ணிவிட வேண்டும் என்று தீர்மானித்துவிட்டேன்.

சனிக்கிழமை நிவேதா கம்பெனி பஸ்ஸில் போனாள். நான் காரை எடுத்துக்கொண்டு திருப்பதியில் ஒரு கார் சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு என் வயது. பாதி தெலுங்கு, பாதி தமிழ்.

"மேடம், நம்ம ரோட்டுக்கு இந்தத் தட்டை ஃபில்டர் சாலு, போதும். கழுவிக் கழுவிப் போட்டுக்கலாம்."

"காத்து சூடானா அடர்த்தி என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

அவர் கடைசி பெஞ்சுப் பையனைப் போல விழித்தார். "கொறையும் மேடம்."

"அடர்த்தி கொறைஞ்சா ஆக்சிஜன்?"

"அதுவும் கொறையும்."

"அப்போ?"

"அப்போ மீ இஷ்டம் மேடம்."

நீளக் குழாயை மாட்டினார்கள். அது உட்காருவதற்காக பம்பருக்கு அடியில் இருந்த ஒரு பிளாஸ்டிக் தட்டைக் கழற்றி எறிந்தார்கள். கூம்பின் மேல் மாட்டும் ஒரு துணி உறையைக் கடைக்காரர் எடுத்து வந்து, இதையாவது போடுங்கள், தூசி தும்பு வராது என்றார். ஓட்டப் பந்தயத்தில் ஓடுகிறவனுக்கு யாராவது முகமூடி மாட்டி விடுவார்களா என்று கேட்டேன். அவர் உறையை மடித்து உள்ளே வைத்துவிட்டார். பழைய பெட்டியை மட்டும் டிக்கியில் வைத்து, "டீச்சருகாரு, இத பத்திரமா வெச்சுக்கோங்க" என்றார். அந்தக் குரலில் இருந்த இரக்கத்தை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தக் கூம்பு பஞ்சுத் துணியால் ஆனது. அதற்கென்று ஒரு எண்ணெய் கொடுத்தார்கள், லேசாகத் தடவினால் தூசியைப் பிடித்துக்கொள்ளுமாம். லேசாக என்பது எங்கள் வீட்டில் எந்த எண்ணெய்க்கும் பொருந்தாத வார்த்தை. சாயங்காலம் வீட்டு வாசலில் படுத்துக் கையை உள்ளே விட்டு, சனி நீராட்டு போல இரண்டு முறை தேய்த்துவிட்டேன்.

ஞாயிறு காலை திருப்பதி போய்ச் சேர்ந்தேன். லாட்ஜ் வாசலில் இருவரும் நின்றார்கள். பிரசாந்தின் அப்பா தணிகாசலம் வெள்ளை வேட்டி சட்டையில், புது மொட்டை, அதன் மேல் ஈரம் காயாத சந்தனம். அம்மாவின் கையில் லட்டுப் பை. தணிகாசலம் முன்சீட்டில் உட்கார்ந்தார். நான் சாவியைத் திருப்பினேன். கார் 'ஹூஊம்' என்று உறிஞ்சியது. அவர் தலையைப் பானட் பக்கம் மெல்லச் சாய்த்தார்.

"நீங்க என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டேன்.

"பஸ் டிப்போல மெக்கானிக். ஃபோர்மேனா ரிட்டையர் ஆனேன்."

அந்த நிமிஷமே வாயை மூடியிருக்க வேண்டும். நானோ, ஆஹா, புரிந்துகொள்ளக்கூடிய மனிதர் என்று பாடத்தை ஆரம்பித்தேன். வெப்பநிலை, அடர்த்தி, ஆக்சிஜன். ரேணிகுண்டாவில் தொடங்கி வடமாலபேட்டை தாண்டும்வரை போனது. அவர் மூன்று முறை "ஓ" என்றார். முப்பத்தைந்து வருஷம் என்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தவருக்கு நான் காற்று என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா பின்னால் தூங்கிவிட்டார்.

வண்டி முன்னைவிட வேகமாகப் போனதா என்று எனக்குத் தெரியாது. சத்தம் அதிகமாக இருந்தது. அதையே வேகம் என்று வைத்துக்கொண்டேன்.

நகரி தாண்டி எங்கள் ஊர் ரோட்டில் திரும்பினோம். தை மாசம். கொள்ளு அறுவடை முடிந்து, காய்ந்த கொடிகளை ரோட்டில் அகலமாகப் பரப்பியிருந்தார்கள். வருகிற போகிற வண்டியெல்லாம் ஏறி இறங்கினால் கொள்ளு தனியாகப் பிரிந்துவிடும், கூலியில்லாமல் போரடித்த மாதிரி. எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு மரியாதை உண்டு. கொடி மேல் ஏறித்தான் போக வேண்டும். ஓரமாக ஒதுங்கிப் போகிறவனுக்குத் திமிர் என்று பெயர். எத்தனையோ வருஷமாக அந்தப் பழைய கார் எத்தனையோ மூட்டைக் கொள்ளு அடித்திருக்கிறது. அப்போதெல்லாம் அதன் மூக்கு மேலே இருந்தது.

ஏறினேன். கொடியின் சொந்தக்காரி செங்கம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். அவள் மகனுக்கு நான்தான் பாடம் எடுத்தேன்.

"டீச்சரம்மா, டிராக்டர்காரன் வரேன்னு சொல்லிட்டு ஏமாத்திட்டான். ஒரு நாலு வாட்டி அப்படியே போய்ட்டு வாயேன். உனக்குப் புண்ணியமா போவும்."

வேறு ஒரு நாளாக இருந்தால் விருந்தாளி இருக்கிறார்கள் என்று சொல்லியிருப்பேன். அன்று எனக்குத் தோன்றியது வேறு: இவர்கள் பார்க்கட்டும், ஊரில் எங்களுக்கு எவ்வளவு மதிப்பு என்று. ஆகவே என் மகளின் மாமனார் மாமியார் ஆகப்போகிறவர்களை வண்டியில் வைத்துக்கொண்டு கொள்ளு அடித்தேன். முன்னால் ஒரு முறை, ரிவர்ஸில் ஒரு முறை. அந்த அம்மா விழித்து, "வீடு வந்துட்சா?" என்றார். "இன்னும் ரெண்டு ரவுண்டுதான்" என்றேன்.

மூன்றாவது ரவுண்டில் 'ஹூஊம்' என்ற சத்தம் மெலிந்தது. நான்காவதில், டம்ளரின் அடியில் மிஞ்சிய பாயசத்தை உறிஞ்சுகிற மாதிரி ஒரு சத்தம். கார் இரண்டு முறை விக்கியது. கொடியின் நட்டநடுவில் நின்றுவிட்டது.

தணிகாசலம் சத்தம் கேட்பதற்காக ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தார். நான் அவர் பக்கம் திரும்பினேன். பறந்த சருகெல்லாம் அவர் தலையின் ஈரச் சந்தனத்தில் ஒட்டி, காலையில் மழித்த முடி அதற்குள் வேறு நிறத்தில் முளைத்துவிட்ட மாதிரி இருந்தது. இரண்டு மைல் தள்ளி என் மகள் புடவை கட்டிக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருப்பாள். சும்மா இரு என்று கேட்டாள். அதைத்தான் என்னால் செய்ய முடியவில்லை.

அவர் இறங்கிப் பானட்டைத் திறந்தார். குழாயை விரலால் தொட்டுக்கொண்டே போய், அது கீழே மறையும் இடத்தில் நிறுத்தினார். பிறகு அந்த வெள்ளை வேட்டியோடு கொடியின் மேல் படுத்து, பம்பருக்கு அடியில் கையை விட்டு இழுத்தார். கூம்பு வந்தது. கூம்பு என்று நான்தான் சொல்கிறேன். பார்ப்பதற்கு முள்ளம்பன்றி. எண்ணெயில் சருகும் உமியும் கொள்ளும் அப்பிக்கொண்டு, விரல் நுழைய இடமில்லை.

"எண்ணெய் யார் போட்டது?"

"நான்தான்."

"எவ்ளோ?"

நான் தரையைப் பார்த்தேன். இருபத்து மூன்று வருஷத்தில் முதல் முறையாக, பதில் தெரியாத பிள்ளைகள் ஏன் தரையைப் பார்க்கிறார்கள் என்று புரிந்தது.

செங்கம்மா முறத்தோடு வந்தாள். கூம்பை வாங்கி முறத்தில் இரண்டு தட்டு தட்டிப் புடைத்தாள். ஒரு பிடி கொள்ளு தேறியது. "எங்க கொள்ளுல பாதிய உன் வண்டியே துன்னுட்சே டீச்சரம்மா" என்று அதை மடியில் கட்டிக்கொண்டாள்.

"இதுக்கு ஒரு உறை வருமே," என்றார் தணிகாசலம்.

"வரும்," என்றேன்.

"பழைய பெட்டி?"

டிக்கியைக் காட்டினேன். அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம் அதைத் தூக்கிப் போடாததுதான், அதுவும் கடைக்காரர் புத்தி. செங்கம்மா வீட்டிலிருந்து ஒரு ஸ்க்ரூடிரைவர் வந்தது. அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பெட்டியை மாட்ட ஆரம்பித்தார். மாட்டும்போது ஏதோ முணுமுணுத்தார், பிறகு விசிலடித்தார். அந்த அம்மா ரோட்டோரம் லட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ரிட்டையர் ஆனதுலேர்ந்து இந்த மனுஷன் விசில் அடிச்சு நான் கேட்டதே இல்ல," என்றார் என்னிடம். அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டு வாசலில் அவர்தான் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். நான் பின்சீட்டில் முள்ளம்பன்றியை மடியில் வைத்திருந்தேன். நிவேதா மாமனாரின் தலையைப் பார்த்தாள், வேட்டியைப் பார்த்தாள், கடைசியாக என் மடியைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

டிபன் ஆனது. காப்பி ஆனது. தணிகாசலம் டம்ளரைக் கீழே வைத்தார்.

"இந்த வண்டிய யார் பாத்துக்கிறது?"

"நான்தாங்க," என்றாள் நிவேதா. "ஆயில் மாத்துறது, டயருக்குக் காத்து பாக்குறது எல்லாம் நானே. அந்தக் குழாய் மட்டும் எனக்குத் தெரியாது. சத்தியமா."

"பிளக் மாத்துவியா?"

"போன மாசம் மாத்தனேன்."

அவர் வெகுநேரம் யோசித்தார். ஒன்பது முறை யோசிப்பார் என்று சொல்லியிருந்தாளே, நான் ஒவ்வொன்றாக எண்ணினேன். பிறகு தொண்டையைச் செருமினார்.

"எங்களுக்கு ஒரு கண்டிஷன் கீது."

என் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நகை கேட்கப் போகிறார், இல்லை வேலையை விடச் சொல்லப் போகிறார், எல்லாம் என்னால் என்று எனக்குக் கண் இருட்டியது.

"கல்யாணத்துக்கப்புறம் வண்டி சர்வீஸு என் கையிலதான் நடக்கணும். சம்பந்தியம்மா பானட்ட தொறக்கக் கூடாது."

சம்பந்தியம்மா என்ற வார்த்தை என் காதில் விழுந்து அர்த்தமாவதற்குள் நிவேதா அழுதுவிட்டாள். என் வீட்டுக்காரர் அவசரமாக, "அதுக்கு நானே எழுதித் தரேன்" என்றார்.

கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டுச் சீர்வரிசையில் ஒரு தட்டுக்குப் பதிலாக முறம் வந்தது. அதில் குவித்த கொள்ளு. விருந்தில் கொள்ளு ரசம். மேடையில் நிற்கும்போது சம்பந்தி என்னிடம் ரகசியமாக, "ரசம் உங்க வண்டியில அடிச்சதுதான்" என்றார். இன்றைக்கும் போன் செய்தால் முதல் கேள்வி, "சம்பந்தியம்மா, இன்னிக்கு எத்தினி ரவுண்டு?"

நானும் வாக்குத் தவறவில்லை. பானட்டைத் தொடுவதில்லை. ரோட்டில் கொடி பரப்பியிருந்தால் ஓரமாக ஒதுங்கித்தான் போகிறேன், திமிர் பிடித்தவள் என்று பேர் வாங்கிக்கொண்டு.

அந்தக் கூம்பை அன்றே கிணற்றடியில் எறிந்துவிட்டேன். அடுத்த மழைக்குப் பிறகு என் வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். செங்கம்மாவின் முறத்துக்குத் தப்பிய கொள்ளெல்லாம் அதில் பச்சைப்பசேல் என்று முளைத்திருந்தது. அதைப் போட்டோ எடுத்துச் சம்பந்திக்கு அனுப்பினார். இப்போது ஊரில் யாராவது இந்த வருஷம் கொள்ளு எப்படி என்று கேட்டால், என் வீட்டுக்காரர் சொல்கிற பதில் ஒன்றுதான்:

"நெலத்துல சுமாரு. டீச்சர் வண்டியில நல்ல வெளச்சல்."