ஆறு வோல்ட்டுதானே!

அரைகுறையாகத் தெரிந்தவனிடம் கேமராவை நம்பிக் கொடுக்கலாம். கூடவே பேட்டரியைக் கொடுத்துவிடக் கூடாது.

திண்டிவனத்தில் அக்காவுக்கு நிச்சயதார்த்தம். போட்டோகிராபருக்குச் சொல்லப் போன அப்பாவை, "நான் இருக்கும்போது இன்னொருத்தர் எதுக்குப்பா?" என்று தடுத்துவிட்டேன். (அதுவரை நான் படம் எடுத்தது எங்கள் வீட்டுப் பூனையை மட்டும்தான். அதுவும் பாதியில் எழுந்து போய்விடும்.) விழுப்புரத்திலிருந்து மாப்பிள்ளையே தன் டிஜிட்டல் கேமராவைக் கொடுத்தனுப்பினார். வருங்கால மாமா என்னை நம்பிவிட்டார்! எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அதிலிருந்த குட்டி பிளாஷ் என் திறமைக்குப் போதாதென்று தோன்றியது. சித்தப்பா வீட்டுப் பரணில் பிலிம் காலத்து பிளாஷ் ஒன்று செங்கல் கனத்தில் கிடந்தது. நாலு பென்சில் பேட்டரி போட்டதும் 'ஙொய்ய்ய்' என்று உயிர் பெற்றது. எனக்குப் புல்லரித்துவிட்டது.

"பழசுடா. அந்தக் கேமராவுக்கு ஒத்துக்குமா?" என்றார் சித்தப்பா.

"ஒரு பேட்டரி ஒன்னர வோல்ட்டு. நாலும் சேர்ந்தா ஆறு வோல்ட்டுதானே சித்தப்பா!"

மோதிரம் மாற்றும் நேரம் வந்தது. "எல்லாரும் நவுருங்க!" என்று கத்திக்கொண்டே பிளாஷை மாட்டிய கேமராவோடு மேடை எதிரே பாய்ந்து பட்டனை அழுத்தினேன். பளீர்! மேடையே வெளுத்தது. ஒரு குழந்தை வீறிட்டது. கேமராவின் திரை ஒருமுறை சிமிட்டி அணைந்துபோனது. பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். ஊதினேன். கெஞ்சினேன்.

"இருங்க மாமா, மோதிரத்த உள்ள தள்ளிடாதீங்க!"

அக்கா நீட்டிய விரலோடு என்னை முறைத்தாள். "ஜல்தி எடுடா, நல்ல நேரம் போய்க்கினு இருக்குது!" என்று அம்மா அலறினாள். கேமரா அசையவில்லை. மோதிரம் ஏறிவிட்டது.

எலக்ட்ரானிக்ஸ் படித்த மாமா, இறங்கி வந்து பிளாஷைத் திருப்பிப் பார்த்தார்.

"ஆறு வோல்ட்டுதான் மாமா..."

"பேட்டரிதான் மச்சான் ஆறு வோல்ட்டு. உள்ள அத நூத்துக்கணக்குல ஏத்திக்கினு உக்காந்திருக்கும். பழைய பிளாஷு அத அப்படியே கேமரா தலையில எறக்கிடும். டிஜிட்டல் எப்படித் தாங்கும்?"

சம்பந்தமே முறிந்ததென்று அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். மாமாவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறார்!

"பொண்ணு குடுக்கறதுக்கு முன்னாடியே ஷாக்கு குடுத்துட்டியே மச்சான்!"

கேமரா கடைசிவரை பிழைக்கவில்லை. சொந்தக்காரர்கள் செல்போனில் எடுத்த படங்களைத் திரட்டித்தான் ஆல்பம் போட்டோம். மோதிரம் மாற்றும் படங்கள் எல்லாவற்றிலும் நட்டநடுவே நீலச் சட்டை போட்ட என் முதுகு.

இப்போது அக்கா மகள் அந்த ஆல்பத்தைப் புரட்டி, "அம்மா எங்கப்பா?" என்று கேட்கும்போதெல்லாம் மாமா சளைக்காமல் சொல்கிறார்: "உன் மாமன் முதுகுக்குப் பின்னாடி மோதிரம் போட்டுக்கினு இருக்காங்க, பாரு."