வேலாண்டி வாங்கின டாக்டர் வண்டி

நரி டிராவல்ஸ் நடத்துச்சுன்னு சொன்னப்ப தலையை ஆட்டுனீங்க, முள்ளம்பன்னி கார் வாங்குச்சுன்னதும் சிரிக்கிறீங்களே மாப்ளே, இது என்ன நியாயம்? சீட்டுல எப்படி உக்காரும்னுதானே கேக்குறீங்க? கதையே அதுதான். காபி ஆறுது, குடிச்சுக்கிட்டே கேளுங்க. முதல்ல இருந்து வாரேன்.

ஒரு காட்டுல, தார் ரோடு போட்டு டோல்கேட்டும் வச்சதுக்கப்புறம், வேலாண்டின்னு ஒரு முள்ளம்பன்னி இருந்துச்சு. பொண்டாட்டி பேரு சடச்சி. ஒரே மக, செல்லக்கிளி. முள்ளம்பன்னிக்குக் கிளின்னு பேரான்னு கேக்காதீங்க, பெத்தவ கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். மலைக்கு அந்தப் பக்கம் நல்ல எடத்துல கட்டிக் குடுத்திருந்தாங்க. அவளுக்கு இப்ப நெறமாசம்.

தலைப்பிரசவம் தாய்வீட்டுலதானே? ஆனா வளைகாப்புக்கு இவுங்க ரெண்டு பேரும் மலை ஏறி நடந்து போய்ச் சேந்தப்ப, பந்தி முடிஞ்சு எலை எடுத்துக்கிட்டு இருந்தாங்க. சம்பந்தியம்மா மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டா. "நெறமாசக்காரியை நடத்தியா கூட்டிட்டுப் போவீங்க? வண்டி கொண்டாங்க, அனுப்புறோம். இல்லாட்டி பிரசவம் இங்கதான்."

அன்னைக்கே வண்டி தேடக் கெளம்பிட்டான் வேலாண்டி.

வாடகை வண்டி புடிக்கலாமேங்கிறீங்களா? எந்த டிரைவர் ஏத்துவான்? முள்ளம்பன்னி கையைக் காட்டுனா, "வண்டி புக் ஆயிருச்சு"ன்னு பறந்துருவானுங்க. ஒரே ஒரு தடவை, கொழுந்தியா கல்யாணத்துக்கு, சாக்கு விரிச்சுத்தான் உக்காரணும்னு சொல்லி நரி டிராவல்ஸ் வண்டி ஒண்ணு ஏத்துச்சு. பாதி வழியில ஒரு வளைவு. சாக்கு நழுவிருச்சு. எறங்குன வேலாண்டி பின்னால திரும்பியே பாக்காம நடந்துட்டான். அது கெடக்கட்டும், பழைய கதை.

சொந்தமா ஒரு பழைய வண்டி வாங்கிருவோம்னு முடிவாச்சு. நரி, ஓடி முடிச்ச மஞ்சப் போர்டு வாடகை வண்டிகளை வரிசையா நிறுத்தி வித்துக்கிட்டு இருந்துச்சு. வேலாண்டிக்கு அது மேலதான் கண்ணு.

"வண்டி நின்னா நரிக்குப் பொழப்பு நின்னுரும். அதனால ஆயிலு கீயிலு ஒழுங்கா மாத்தியிருப்பான். விலையும் பாதிதான்."

"ஊரான் வண்டின்னு எத்தன பய பள்ளத்துல எறக்கியிருப்பான்?" இது சடச்சி. "வாடகை சைக்கிளை நீங்க என்ன பாடு படுத்துனீங்கன்னு எனக்குத் தெரியாதா? அதுவும் மஞ்சப் போர்டுல போய் எறங்குனா, உங்க சம்பந்தி என்ன சொல்லுவா? 'வெயிட்டிங் சார்ஜ் ஏறுமே, சீக்கிரம் கெளம்புங்க'ம்பா."

ரெண்டு பேரு சொல்றதும் சரிதான். பழைய வண்டியில எது நல்ல விலைன்னு யாரால சொல்ல முடியும்? அதே காட்டுல ஒரு எருமை, வெள்ளத்துல முங்குன வண்டியைத் தெரிஞ்சே வாங்குச்சு. ஏன்டா வாங்குனேன்னா, உள்ள இன்னும் சேறு காயலையாம்! வித்தவனுக்கும் சந்தோஷம், எருமைக்கும் சந்தோஷம். இன்னைக்கு வரைக்கும் அதை ஓட்டவே இல்ல, கண்ணாடியை எறக்கிட்டு உள்ள கெடக்குது. எங்க விட்டேன்? ஆமா, சடச்சி.

அவ சொன்னான்னு மயிலோட ஷோரூமுக்குப் போனாங்க. அங்க எல்லாம் சர்டிபிகேட் குடுத்த வண்டி. கூடவே மெக்கானிக் மரங்கொத்தியையும் கூட்டிட்டுப் போனாங்க. தட்டிப் பாத்தே சொல்லிருமாம், எங்க அடிபட்டு எங்க பட்டி பூசியிருக்குன்னு.

வெள்ளை வண்டி ஒண்ணு பளபளன்னு நின்னுச்சு. மரங்கொத்தி கதவுல டொக் டொக்குன்னு தட்டி, "சத்தம் சரியில்லையே"ன்னு இழுத்துச்சு. மயிலு ஒரு டப்பா புழுவை அது பக்கம் நகத்தி வச்சுது. திரும்பவும் தட்டுன மரங்கொத்தி, "இப்பக் கணீர்னு கேக்குது"ன்னுருச்சு.

"ஒரே ஓனர் சார்"ன்னுச்சு மயிலு. "மான் டாக்டர். வீடு, ஆஸ்பத்திரி, வெள்ளிக்கிழமை கோயில். வேற எங்கயும் போனதில்ல."

நீங்க ஒரே ஓனர்னு வாங்கிட்டு வந்திருக்கிற வண்டியைச் சொல்லல மாப்ளே, இது காட்டு வண்டி.

"நூத்தெட்டு எடத்துல செக் பண்ணியிருக்கோம். ஒரு வருஷம் வாரண்டி."

"நூத்தெட்டையும் நீங்களே பாத்தீங்களா?"ன்னான் வேலாண்டி.

மயிலு தோகையை விரிச்சுக் காட்டுச்சு. "எத்தன கண்ணு இருக்கு பாருங்க சார்."

விலையைக் கேட்டா நரி சொன்னதைப் போல ரெண்டு மடங்கு. சடச்சி, "ஏறி உக்காந்துதான் பாருங்களேன்"னா. வேலாண்டி பின்சீட்டுல பதமா சாஞ்சான். முதுகுல என்னமோ நெருடுச்சு. கையை விட்டு இழுத்தா, கறுப்பும் வெள்ளையுமா ஒரு முள்ளு. நுனி லேசா வளைஞ்சிருந்துச்சு. வேலாண்டி வம்சத்துல எல்லாருக்கும் முள்ளு அப்படித்தான், நுனி வளைஞ்சிருக்கும்.

"ஏங்க, இது உங்க முள்ளுல்ல?"

"கத்தாதடி. உன் தங்கச்சி கல்யாணத்துக்குப் போனமே, அந்த வண்டிதான் இது. பெயிண்ட்ட மாத்திட்டானுங்க."

"அப்பப் பாதி விலைக்குக் கேளுங்க!"

வேலாண்டிக்கு வாழ்க்கையில மொதத் தடவையா ஒருத்தனைக் கையும் களவுமா புடிச்ச சந்தோஷம். ஒடம்புல இருந்த முள்ளு மொத்தமும் சிலுத்துக்கிட்டு நின்னுச்சு. "மயிலு சார், இது டாக்டர் வண்டியில்ல, நரி வண்டி! இந்தா சாட்சி!"

மயிலு பதறல. முள்ளை வாங்கி வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்துச்சு. "இந்த முள்ளுக்காரரைத்தான் சார் நரி ரெண்டு வருஷமா தேடுறாரு. கிழிஞ்ச சீட்டுக்குக் காசு, வண்டி ஓடாம நின்ன நாளோட வாடகை, எல்லாம் அவரு தலையில எழுதி வச்சிருக்காரு. நரி வண்டின்னா நான் அவருக்குப் போன் போட்டாகணும். டாக்டர் வண்டின்னா யாருக்கும் போட வேண்டாம். எந்த வண்டின்னு நீங்களே சொல்லுங்க சார்."

சிலுத்த முள்ளெல்லாம் ஒண்ணொண்ணா படுத்துருச்சு. நரிக்குத் தண்டம் அழுதா வண்டிக்குக் காசு ஏது? வண்டியில்லாட்டி மக ஏது?

"இது... ஊசி மாதிரில்ல இருக்கு?"ன்னான்.

சடச்சி புடிச்சுக்கிட்டா. "மாதிரி என்ன, ஊசியேதான்! டாக்டர் மறந்து சீட்டுல விட்டுட்டாரு போல. பாவம், எத்தன சீக்காளியைப் பாக்குற மனுஷன்."

மரங்கொத்தி வாயில புழுவோட, "ஊசிதான்"னுச்சு.

"பாத்தீங்களா சார்!" மயிலுக்கு வாயெல்லாம் பல்லு. மயிலுக்கு ஏது பல்லுன்னு இப்பக் கேக்காதீங்க. "டாக்டர் வண்டிங்கிறதுக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேணும்? இதை நூத்தொம்பதாவது செக்கிங்கா சேத்துருவோம். அதுக்குத் தனியா ஒரு சின்னத் தொகை மட்டும்."

அதையும் சேத்துக் கட்டித்தான் வண்டியை எடுத்தாங்க. வண்டி எப்படி ஓடுச்சுங்கிறீங்க? ஒரு இருமல் கெடையாது, மலையை அப்படியே மடமடன்னு ஏறுச்சு. ஏறாம என்ன, தினம் அதே மலையை ஏறி எறங்குன வண்டிதானே. வளைவெல்லாம் அதுக்கு மனப்பாடம்.

சம்பந்தியம்மா வாசல்ல நின்னு சுத்திச் சுத்திப் பாத்தா. "யாரு வண்டி?"

"டாக்டர் வண்டி"ன்னா சடச்சி. முன்கண்ணாடியில மஞ்சக் கயித்துல கட்டித் தொங்கவிட்டிருந்த ஊசியைக் காட்டுனா.

"ஊசி வளைஞ்சிருக்கே?"

"பெரிய டாக்டருக்கெல்லாம் அப்படித்தான் இருக்கும் சம்பந்தி."

செல்லக்கிளி வயித்தைப் புடிச்சுக்கிட்டு ஏறுனா. ஊசியைப் பாத்தா. அப்பன் முதுகைப் பாத்தா. "அப்பா, இது..."

"சாக்கை நல்லா இழுத்து விட்டு உக்காரு தாயி."

அவ சிரிப்பை அடக்கிக்கிட்டு உக்காந்தா. ஊர் வந்து சேந்த மறுவாரமே, தாய்வீட்டுல, ரெண்டு குட்டி. ரெண்டுக்கும் முள்ளு நுனி வளைஞ்சுதான் இருக்கு. ரெண்டும் டாக்டராத்தான் வரும்னு சடச்சி காடெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறா.

நீதி: அடுத்தவன் பொய்யைப் புடிக்கப் போறதுக்கு முன்னாடி, அதுல குத்தி நிக்கிறது நம்ம முள்ளான்னு பாத்துக்கணும். நம்ம முள்ளுன்னா, அது டாக்டர் வண்டிதான்.

ஏன் மாப்ளே, சிரிப்பை நிறுத்திட்டீங்க? இருங்க, உங்க அத்தையைக் கூப்புடுறேன். ஏட்டி சொர்ணம்! மாப்ளை வண்டியில பின்சீட்டுல பலாப்பழம் இருக்காம், உள்ள தூக்கிட்டு வா. சீட்டுல ஓட்டை கீட்டை இருந்தா ஒண்ணும் பேசாத, அதுவும் ஒரே ஓனராம்!