பாகால் பாஸின் கானான் தேசம்

மட்டக்களப்பில் தெய்வங்களைக் கும்பிடுகிறவர்களுக்குக் குறைவே இல்லை. ஆனால் தெய்வங்களின் குடும்பச் சண்டை வரைக்கும் தெரிந்தவர் பாகால் பாஸ் ஒருவர்தான். அதுவும் எங்கள் தெய்வங்கள் அல்ல. மூவாயிரம் வருடங்களுக்கு முந்திய, பைபிளில் வரும் கானானியரின் தெய்வங்கள்.

பாஸ் போர்த்துக்கேய வழிவந்த ஒரு பறங்கி. மரவேலைக்காரரை எங்கள் பக்கம் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய பட்டறைக்குப் பக்கத்தில் எனக்குப் போட்டோகொப்பிக் கடை. ஒருமுறை தேவாலயத்து ஃபாதரின் புத்தக அலுமாரியைத் திருத்தப் போனவர், இரண்டு நாள் வேலையை மூன்று மாதம் செய்தார். கானானியரின் களிமண் ஏடுகளைப் பற்றிய தடித்த புத்தகமொன்று அங்கே அகப்பட்டுவிட்டது. கடைசியில், "பாஸ், புத்தகத்தைக் கொண்டுபோங்க, அலுமாரியை விட்டிட்டுப் போங்க" என்று ஃபாதரே கும்பிட்டார்.

கொடுத்தது பிழையாகப் போயிற்று. அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில், கானானியர் கல்லை வணங்கிய மூடர்கள் என்றார் ஃபாதர். பாஸ் எழும்பி நின்றார்.

"கல்லை இல்ல ஃபாதர். கல்லுக்குள்ள சாமி குடியிரிக்காரெண்டு நட்டவங்க."

"இரிங்க பாஸ்."

"நான் இரிக்கிறன். நீங்க திருத்திச் சொல்லுங்க."

அன்றைக்கு அவர்மேல் ஒட்டிய கானான் சாமியின் பெயர்தான் பாகால்.

பாஸ் சொல்லும் கதைகளில் எல் என்ற கிழவர்தான் தெய்வங்கள் எல்லாருக்கும் பெரியவர். அசேரா அவர் மனைவி. எல்லின் மகன் பாகாலுக்கு மழையும் இடியும் பொறுப்பு. கடலும் ஒரு தெய்வம், பெயர் யாம். பாகால் யாமோடு மோதும் இடம் வந்தால் பாஸ் உளியைக் கீழே வைத்துவிடுவார்.

"கடலை அடிக்கத் தடி செஞ்சு குடுத்தது ஆர் தெரியுமா? தேவலோகத்துப் பாஸ்! அவர் இல்லாட்டி பாகாலுக்கு என்ன கெதி?"

சிரிக்க வந்த நாங்கள் வாய் திறந்தபடி நிற்போம்.

பிறகு சுனாமி வந்தது. பாஸ் பலகை தீரும்வரை சவப்பெட்டி செய்தார். தீர்ந்ததும் பட்டறைக் கதவைக் கழற்றிச் செய்தார். "கடலை வெண்டவரெண்டீங்களே, உங்கட ஆள் எங்க?" என்று ஒருவர் கேட்டார். பாஸ் அடுத்த ஆணியை அடித்தார். அதோடு கானான் பேச்சு நின்றுபோயிற்று. ஃபாதர் வேண்டுமென்றே பிரசங்கத்தில் பிழைவிட்டுப் பார்த்தார். பாஸ் எழும்பவில்லை.

யுத்தம் முடிந்த வருடம், வன்னியில் மகனைத் தொலைத்த செல்லக்கா, அவனைத் தேடித் தரச் சொல்லும் மனுவைக் கொப்பி எடுக்க என் கடைக்கு வந்தா. கரண்ட் இல்லை. பட்டறை நிழலில் போய்க் குந்தினா.

"பாஸ், நான் போகாத கோயில் இல்ல. எல்லாச் சாமியும் உசரத்தில இரிக்கு. புள்ளையப் பறிகுடுத்தா எப்பிடி இரிக்குமெண்டு உங்கட பழைய சாமிகளுக்காவது தெரியுமா?"

பாஸ் சீவுளியை நிறுத்தினார். ஐந்து வருடத்துக்குப் பிறகு கானானைப் பற்றி வாய் திறந்தார்.

"தெரியும் மகள். மகன் பாகால் செத்திட்டானெண்டு எல்லுக்குச் சேதி வந்திச்சு. எல் சிங்காசனத்தை விட்டு இறங்கிக் கால்பலகையில இரிந்தார். அதிலயும் இரிக்கேலாம தரையில இரிந்தார். மண்ணை அள்ளித் தலையில போட்டார்."

"பெரிய சாமியா?"

"எல்லாத்துக்கும் பெரிய சாமி."

சொல்லிக்கொண்டே பாஸ் கதிரையை விட்டிறங்கி, மரத்தூளுக்குள் அவவுக்கு முன்னால் இருந்தார்.

"பிறகு?"

"பாகாலின்ட தங்கச்சி தேடிப் போனா."

"கண்டெடுத்தாவா?"

அந்த முடிவை அவர் எனக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறார். தங்கை உடலைக் கண்டெடுத்துப் புதைத்ததையும், பாகால் பின்னர் உயிரோடு வந்ததையும். பாஸ் அவவின் கையிலிருந்த மனுவைப் பார்த்தார். அதிலிருந்த மகனின் படத்தைப் பார்த்தார்.

"அதுக்கங்கால என்ன நடந்ததெண்டு எனக்குத் தெரியாது மகள்."

கரண்ட் வந்துவிட்டது. இருவரும் எழும்பவில்லை. நான் பட்டறை வாசலிலேயே நின்றேன். உள்ளே போய் அவருக்குப் பக்கத்தில் நானும் தரையில் இருந்திருக்கலாம்.