எழுபத்தொன்றால் பிரியும் புடவை

"எழுபத்தொண்ணால பிரியுதா? நல்லாப் பாத்துச் சொல்லு மாப்ளே!" ஓடிக்கொண்டிருந்த தறியை நிறுத்திவிட்டு முனிரத்தினம் போனில் கத்தினார்.

"பிரியுது மாமா. எழுபத்தொண்ணு இன்ட்டு எழுபத்தொண்ணு, 5041," என்றான் ஹேமநாத். திருப்பதியில் கணக்கு லெக்சரர். இன்னும் பத்து நாளில் மருமகன்.

நகரியில் முனிரத்தினம் வீட்டு வழக்கம் இது: மகளின் முகூர்த்தப் புடவையை வீட்டு ஆண்களே நெய்ய வேண்டும். 5040 நெடுக்கு இழைகள் கொண்ட பாவில் ஓர் இழை கூடுதலாகச் சேர்க்க வேண்டும். இழைக் கணக்கு எந்த எண்ணாலும் பிரியாவிட்டால் தம்பதியும் பிரியமாட்டார்கள். தங்கை கலைவாணியின் புடவையில் அந்த ஓர் இழையை அவர் மறந்துபோனார். மூன்றே மாதத்தில் அவள் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாள்.

மகள் கீர்த்திக்கும் அப்படி ஆகிவிட்டால்?

"இன்னொண்ணு சேத்தா?"

"5042. ரெண்டால போவும்."

"ரெண்டு சேத்தா?"

"மூணால போவும்."

"மூணாலயா! அந்த மூணாவது ஆளு யாருய்யா?"

கணக்கு லெக்சரர் அவசரமாக அடுத்த எண்ணை வகுக்கத் தொடங்கினான்.

அன்று முதல் காலையும் மாலையும் போன்தான். பாவு பிணைக்க வந்த கமலம்மா ஒவ்வோர் இழையாகச் சேர்த்தாள். 5045, ஐந்தால் போனது. 5047, ஏழால் போனது.

"இழை கோக்குற அச்சுல எடமில்லணா. இனி சேக்கணும்னா ஒம்மேலதான் வச்சி நெய்யணும்," என்றாள் கமலம்மா.

"கொறைச்சிப் பாக்கலாமா மாமா?" என்றான் ஹேமநாத். இப்போது அவனுக்கும் பயம் பிடித்துவிட்டது.

ஏழு இழைகளை உருவினார்கள். 5040.

"நிறுத்தாதீங்க மாமா! ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் எல்லாத்தாலயும் பிரியற நம்பர் இது!"

முனிரத்தினம் அலறிக்கொண்டு இன்னும் ஒன்றை உருவினார். 5039.

ஹேமநாத் ஒவ்வோர் எண்ணாக வகுத்துப் பார்த்தான். பிறகு, "எதாலயும் போவல மாமா. பிரைம் நம்பர்!" என்றான் ஹேமநாத். இருவருமே அழுதுவிட்டார்கள்.

முகூர்த்தத்தன்று தாலி ஏறியது. முனிரத்தினம் நிம்மதியாக மூச்சுவிட்டபோது மருமகன் அவர் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தான்.

"மாமா, அந்தக் கணக்குல கரை இழையும் சேத்தீங்களா?"

"கரையா? அத்த நான் எண்ணவேயில்லயே!"

இருவரும் மண்டபத்து மூலையில் உட்கார்ந்து, கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் பேனாவால் வகுக்கத் தொடங்கினார்கள். பத்திரிகை ஒன்று, இரண்டு, எட்டு என்று தீர்ந்தது.

சாப்பாட்டுக் கூடத்திலிருந்து கை கழுவிக்கொண்டு வந்த கமலம்மா இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"பொடவை நல்லாத்தான் வேலை செய்யுதுணா. தாலி கட்டுனதுலேர்ந்து நீயும் மாப்ளையும் பிரியவேயில்ல. பொண்ணுதான் பந்தியில தனியா குந்திக்கினு துன்னுது."