நாணுவின் பரண் மூட்டை

"இன்னும் செத்த நாழியில பிளாஸ்டிக் கமிட்டி நம்மாத்துக்கும் வரும். பரணையும் விடமாட்டோம், ஆமாம்!" என்று சொல்லிவிட்டு விசாலாக்ஷி பக்கத்து வீட்டைச் சோதனை போடக் கிளம்பினாள்.

நாணு பரணை அண்ணாந்து பார்த்தார். ரிடையரானதிலிருந்து அவர் ஆசையாக மடித்து மடித்துச் சேர்த்த பிளாஸ்டிக் பைகள், ஒரு மூட்டை நிறைய, பரணில்தான் இருந்தன. மனைவி விசாலாக்ஷியோ அந்த மாட்டுங்கா கட்டடத்தின் பிளாஸ்டிக் ஒழிப்புத் தலைவி. ஞாயிறு தவறாமல் மாஹிம் கடற்கரையில் குப்பை பொறுக்கப் போகிறவள். இன்று சோதனைக்காக மட்டும் அதற்கு லீவு.

மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினார். வாட்ச்மேன் ஜம்பு மறித்தான்.

"இங்க போடாதீங்க சாப். மேடம் தொட்டியைக் கிளறிப் பாப்பாங்க. அப்புறம் என்னைப் பிடிச்சு உலுக்குவாங்க."

மாஹிம் போகும் லோக்கல் ரயிலில் ஏறினார். மாஹிம் வந்ததும் மூட்டையை சீட்டுக்கடியில் தள்ளிவிட்டு நைஸாக இறங்கினார்.

"அங்கிள், ஆப்கா சாமான்!"

யாரோ ஒரு நல்ல மனிதர் அதைப் பிளாட்பாரத்தில் எறிந்தார். முடிச்சு அவிழ்ந்து பைகள் நாலாபக்கமும் பறந்தன. ஜனங்கள் ஓடி ஓடிப் பொறுக்கித் தந்தார்கள். இவர் குப்பை சேகரிப்பவர் என்று நினைத்து, கையிலிருந்த காலி பாட்டில்களையும் சிப்ஸ் கவர்களையும் சேர்த்தே திணித்தார்கள். மூட்டை இரண்டு மடங்கானது.

கடற்கரையில் பொறுக்கிக் குவித்திருப்பார்களே, அதோடு சேர்த்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

கடற்கரைக்கு நடந்து, குவியலருகே மூட்டையை இறக்கியதுதான் தாமதம், கைதட்டல் எழுந்தது. கடற்கரையைச் சுத்தம் செய்யும் குழுவின் தலைவி ஹரிதா போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"ஒரே ஆளா இத்தனையும் பொறுக்கினேளா மாமா? போட்டோ எடுத்து குரூப்ல போடறேன்!"

அந்த குரூப்பில் விசாலாக்ஷியும் இருந்தாள். நாணு கையால் போனை மறைத்தார்.

"போட்டோ வேண்டாம்மா! இது கடல்ல பொறுக்கினதில்லை. எங்காத்துப் பரண்ல இருந்தது. ஆத்துக்காரிக்குத் தெரிஞ்சா தொலைஞ்சேன்!"

சொல்லிவிட்டதும் ஏனோ மனசு லேசாகி, சிரிப்புக்கூட வந்தது அவருக்கு. ஹரிதா ஒரு பையை எடுத்துத் தடவிப் பார்த்தாள். அவளும் சிரித்தாள்.

"இதுக்கா பயப்படறேள்? மாட்டுங்காலேர்ந்து விசாலாக்ஷின்னு ஒரு மாமி வருவா. வாராவாரம் இதே மாதிரி ஆத்துல சேர்த்து வெச்ச, மண்ணே ஒட்டாத மூட்டைதான். 'எங்காத்து மாமாவுக்கு மட்டும் தெரியப்படாது'ன்னு எங்கிட்ட சத்தியமே வாங்கிண்டிருக்கா!"