கண்ணாடி பளபளக்கிறது, பாக்டீரியா சாப்பிடவில்லை

கீழ்க்கட்டளை,
ஞாயிறு காலை.

மரியாதைக்குரிய சம்பந்தி தயாளன் அவர்களுக்கு, கங்காதரன் பணிவோடு எழுதுவது. இங்கே நாங்கள் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சொன்னால் என் மனைவி மஹாலட்சுமி படித்துவிடுவாள், போனில் பேசினால் கதவோரம் நின்று கேட்பாள், அதனால்தான் கடிதம்.

வெள்ளிக்கிழமை எங்கள் அடுக்குமாடி ஹாலில் என் மகள் சினேகாவுக்கு வைத்திருக்கும் வளைகாப்பை உங்கள் பொழிச்சலூர் வீட்டுக்கு மாற்ற முடியுமா? காரணம் சொன்னால் கோபப்படக் கூடாது. எங்கள் போர் தண்ணீர் உப்புக்கறை போகட்டும் என்று உங்கள் கண்ணாடிக் கடையிலிருந்து ஒரு வாளி பாலிஷ் பவுடர் அன்போடு கொடுத்தனுப்பினீர்களே, கறை போயே போச்சு, ஜன்னலில் கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது, அதைப் பார்த்து எதிர்வீட்டு ஜோசலின் கேட்டாள், நானும் சங்கச் செயலாளர் ஆயிற்றே, எங்க சம்பந்தி கொடுத்தது என்று மார்தட்டிக்கொண்டு வீடு வீடாகக் கிண்ணத்தில் கொடுத்தேன், தீரத் தீர உங்களிடமிருந்தே வரவழைத்தேன், எல்லோரும் தேய்த்தார்கள், தேய்த்த தண்ணீரை பாத்ரூமில் ஊற்றினார்கள், அது நேரே கழிவுநீர் சுத்திகரிப்புத் தொட்டிக்குப் போய்விட்டது. அங்கே நம் அழுக்கைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக்க பாக்டீரியாக்கள் இருப்பதே, அவை வேலையை நிறுத்திய பிறகுதான் எனக்குத் தெரியும்.

தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் மோகன்ராஜ் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். "சார், பூச்சிங்கோ ஒண்ணும் துன்ன மாட்டேங்குது. வெல்லம் கரைச்சு ஊத்திட்டேன், சாணி போட்டுட்டேன், சொம்மாவே கீது. பேஜாரா பூட்ச்சு சார்" என்றான். தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினோம். சீரியம், லாந்தனம் என்று அருமண் உலோகங்கள் எக்கச்சக்கமாக இருக்கின்றனவாம், பாக்டீரியாக்களை முடக்கியது அதுவாகத்தான் இருக்கும் என்கிறார்கள். வாளியைத் திருப்பிப் பார்த்தேன், அதே பெயர்கள். உங்கள் மேல் துளியும் தப்பில்லை சம்பந்தி, சத்தியமாக இல்லை, ஆனாலும் அந்த வாளி வராமல் இருந்திருக்கலாம்.

ஹால் அந்தத் தொட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நாற்றம் மாடி ஏறி வீட்டுக்குள்ளும் வருகிறது. "சோறு வாய்கிட்ட வந்தாலே குமட்டுதுப்பா" என்கிறாள் சினேகா. மோரும் பிஸ்கட்டும்தான் உள்ளே போகிறது. வயிற்றுப் பிள்ளைக்காரி இப்படிப் பட்டினி கிடந்தால் என்ன ஆவது? எனக்குப் பயமாக இருக்கிறது. மாலையில் சங்கக் கூட்டம். பவுடருக்குத் தடை, பெரும்பாக்கத்தில் வேறொரு குடியிருப்பின் தொட்டிச் சேற்றை லாரியில் கொண்டுவந்து புது பாக்டீரியா விடுவது என்று தீர்மானம் கொண்டுவருகிறேன், கட்டாயம் நிறைவேறும். ஆனால் அவை பெருக வாரக்கணக்கில் ஆகும். ஹாலை விட்டுக்கொடுத்தால் மானம் போச்சு என்று மஹாலட்சுமி குதிப்பாள், ஆகவே இடம் மாற்றுவது உங்கள் யோசனை போலவே இருக்கட்டும்.

நேரில் வந்து கேட்க வேண்டியதைக் காகிதத்தில் கேட்டதற்கு மன்னிக்க வேண்டும். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம், மாப்பிள்ளைக்கு என் ஆசி.

தங்கள் அன்பை என்றும் மறவாத,
கங்காதரன்

பி.கு.: கூட்டம் முடிந்தது, தீர்மானம் தோற்றது. "நாத்தம் வெளியதானே அங்கிள் இருக்கு? ஜன்னலை மூடிக்கலாம். கண்ணாடி மறுபடி கறையாச்சுன்னா பாக்கவே சகிக்காது" என்றாள் ஜோசலின், எல்லோரும் கைதட்டினார்கள். உங்களிடம் இன்னும் நாலு வாளி வாங்கச் சொல்லி எனக்கே உத்தரவு. வளைகாப்பும் இங்கேதான், ஏ.சி. போட்டுக்கொள்ளலாம் என்று முதல் கை தூக்கியது மஹாலட்சுமி. ஆகவே மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். சினேகா பையைக் கட்டிவிட்டாள், கீழே ஆட்டோ நிற்கிறது, கடிதத்தை நானே கொண்டுவருகிறேன். பெண்ணைப் பெற்றவன் சம்பந்தி வீட்டில் வந்து தங்குவது முறையில்லை, வெட்கமாகத்தான் இருக்கிறது. நீங்கள் இதைப் படிக்கும்போது நான் உங்கள் எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன். என்னிடம் எதுவும் கேட்காதீர்கள், முதலில் அவளுக்குக் கொஞ்சம் ரசம் சோறு போடச் சொல்லுங்கள்.